பெயர் கேட்காத அரிசி

ரெங்கம் என்கிற சின்ன ஊரை விட்டு நான் நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். லாயாங்-லாயாங் போகும் சாலை. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். தோளில் ஒரு பை. அதில் மூன்று சட்டை, இரண்டு காற்சட்டை, ஒரு துண்டு, கைப்பேசிக்குச் சார்ஜர். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பழம் புளித்த வாடை முகக்கவசத்துக்குள் புகுந்து வந்தது. கை காட்டினால் ஒன்றாவது நின்றிருக்கும். நான் காட்டவில்லை. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகச் சொன்ன இடங்கள் என் வாழ்க்கையில் நிறைய. அப்படிப்பட்ட இடத்தை விட்டு நடப்பது சுலபம். கோபம் காலுக்குத் தெம்பு தரும், பத்து மைல் போனதே தெரியாது. அன்றைக்கு எனக்குக் கோபப்பட ஆள் இல்லை. அதனால் கால் வலித்தது.

ஐந்து மாதத்துக்கு முன் ரெங்கத்துக்குள் நான் வந்ததும் நடந்துதான். நோய் வந்த இரண்டாவது வருஷம் அது. சிகாமட்டில் ஒரு மர ஆலையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாட்டை மறுபடி மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று மாலையே முதலாளி தவுக்கே ஆலையை மூடிவிட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். வீடு இருந்தவர்கள் போனார்கள். நான் தெற்கே கிளம்பினேன். தெற்கே யாரும் இருந்ததால் அல்ல, வடக்கே ஏற்கெனவே இருந்து பார்த்தாயிற்று என்பதால். குளுவாங் வரை ஒரு மீன் வண்டி. அதற்கப்பால் நடை. ரெங்கத்துக்கு வெளியே போலீஸ் தடுப்பில் நிறுத்தினார்கள். கடிதம் இல்லாமல் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது என்றார் ஒரு மலாய்ப் போலீஸ்காரர். அப்படியானால் நான் எங்கே நிற்பது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தகரக் கூரையைக் காட்டி, அது உங்கள் ஆட்களின் சர்ச், அங்கே சோறு கொடுக்கிறார்கள், போய் அங்கே நில் என்றார்.

நாற்பது குடும்பம் உள்ள சின்னத் தமிழ்ச் சபை அது. ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் அங்கிருந்து பிரித்துக் கொண்டுவந்து நட்ட பலகைக் கட்டடம். பின்னால் சேர்த்த சமையலறை மட்டும் கல். கூடி ஆராதனை நடத்தத் தடை இருந்ததால் நாற்காலிகளை ஓரமாக அடுக்கி, நடுக்கூடத்தில் மாவு, எண்ணெய், மீன் டின் என்று குவித்து வைத்திருந்தார்கள். பாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். என் அடையாள அட்டையைப் பார்த்தார், நெற்றியில் சூடு பார்த்தார், ஞாயிறு பள்ளி அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். சுவரில், பேழைக்குள் சோடி சோடியாக ஏறும் மிருகங்களின் படம். அதன் கீழ் ஐந்து மாதம் படுத்தேன். நீ எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல எனக்கும் நேரம் பிடித்திருக்கும்.

கேள்வி கேட்டது ஒரே ஆள், மாதர் சங்கத் தலைவி. பாஸ்டர் முதல் பக்கத்துச் சீனக் கடைக்காரர் வரை எல்லாரும் அவரைத் தலைவியம்மா என்றே கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர். கட்டை குட்டையான உடம்பு, கைலி, மேலே யாரோ கொடுத்த கால்பந்துச் சட்டை. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டம் போன பிறகு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்து, இப்போது சர்க்கரை நோயோடு சபைச் சமையலறையை ஆண்டுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பசியாறிட்டியா?"

"இல்லம்மா."

"கப்சாய் ஓட்டுவியா?"

கப்சாய் என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன மோட்டார் சைக்கிள். ஓட்டுவேன் என்றேன்.

"லைசென்ஸ் இருக்கா?"

"இருந்துச்சு. செத்துப்போச்சு, நாலு வருஷம் ஆச்சு."

"நல்லடக்கம் பண்ணிட்டியா, இல்ல இன்னும் பாக்கெட்டுலதான் வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு ஒரு தட்டு நாசி கோரேங் என்கிற வறுத்த சோற்றை என் முன்னால் தள்ளினார். "சாப்புடு. நாளைலேருந்து நீ பின்னாடி உக்காரு. நான் ஓட்டுறேன்."

அப்படித்தான் அவருடைய வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த நீலத் தோம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையலறை மூலையில் ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் நின்றது, அதுதான் தோம்பு. சபைப் பெண்கள் வீட்டில் சோற்றுக்கு அரிசி அளக்கும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறு டின்னில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அதைக் கொண்டுவந்து தோம்பில் கொட்டுவார்கள். பிடியரிசி என்று பெயர். பல சபைகளில் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்தச் சபையில் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கொட்டப் போகிறவர் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். யார் டின்னில் எவ்வளவு என்று இன்னொருத்தி பார்க்கக் கூடாது. அரிசி வெளியே போவதற்கும் அதே கட்டுப்பாடுதான். எந்த வீட்டில் அரிசி இல்லையோ அந்த வீட்டு வாசல் கேட்டில் விடிந்தும் விடியாததுமாக ஒரு பொட்டலம் தொங்கும். கூப்பிடக் கூடாது. பெயர் எழுதக் கூடாது. தலைவியம்மா இருபது வருஷமாக அதைச் செய்துவந்தார். எந்த வீட்டுக்குப் போகிறது என்று பாஸ்டரிடம்கூடச் சொல்ல மாட்டார். ஆனால் பல வீட்டு அரிசி கலந்தது என்பதால் அது ஒரே மாதிரி வேகாது. ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். சாப்பிட்டவர்களுக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் நாடு முழுக்க, சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், பார்ப்பவர்கள் உதவுவார்கள் என்று ஒரு ஏற்பாடு பரவியது. மற்ற இடங்களில் நிறையப் பேர் கட்டினார்கள். எங்கள் ரெங்கத்துத் தமிழ் வீடுகளில் ஒன்றுகூடக் கட்டவில்லை. "வெள்ளைத் துணி கட்டுனா யாரு செத்தாங்கன்னு கேட்டுகிட்டு வருவானுங்க" என்றார் தலைவியம்மா. பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே காட்டினார். "அந்த வீட்டப் பாரு. கேஸ் தோங்கு காலியாகி வெளிய படுத்துக் கெடக்கு, மூணு நாளா மாத்தல. அங்க பாரு, மணி எட்டாவுது, எதுவும் தாளிக்கிற வாசம் வரல. பிள்ளைங்க இருக்கிற வீடுடா அது." நாங்கள் போகும் வீடுகளில் பாதி சபையைச் சேர்ந்தவை அல்ல. மாரியம்மன் படம் மாட்டிய வாசலும் உண்டு, கம்பத்தில், அதாவது மலாய்க் குடியிருப்பில், ஒரு கிழவர் வீடும் உண்டு. எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரிதான் கட்டியிருக்கும்.

முருங்கை மரம் நின்ற வீடு கிராணி ஐயாவுடையது. தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டவர். பிறகு சபைச் செயலாளராக ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசித்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில். எல்லைப் பாலத்தை மூடிய நாளிலிருந்து அவளால் வந்து போக முடியவில்லை. அங்கே வேலை நேரத்தைக் குறைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும், எனக்குச் சேமநிதிப் பணமே செலவழியாமல் கிடக்கிறது, நீ ஒன்றும் அனுப்பாதே என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பணம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இது தலைவியம்மாவுக்கு மட்டும் தெரியும். சொல்லித் தெரிந்ததல்ல. கிராணி ஐயா தினமும் அயர்ன் போட்டுச் சட்டை மாட்டுகிறவர். கொடியில் ஒரே சட்டை நாளுக்கு நாள் காய்ந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அந்த வீட்டில் பொட்டலத்தை மாட்டும்போது மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

மூன்றாம் மாதம் தலைவியம்மாவின் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டது. அவரோடு பழகியதால் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று தலைவியம்மாவுக்கும் உத்தரவு. அதே வாரம் தோம்பும் காலியாகிவிட்டது. கொடுக்கிற வீடுகளிலேயே அரிசி இல்லை. பாஸ்டர் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய சபையிடம் பேசி ஒரு லோரி நிறையப் பொட்டலம் வாங்கினார். நல்ல சாமான், அரிசி, பால்மாவு, முட்டை எல்லாம் இருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும், பொட்டலத்தை வாங்கியவர் முகத்தோடு ஒரு படம் அனுப்ப வேண்டும்.

"எனக்கே புடிக்கலண்ணே" என்றார் பாஸ்டர். "ஆனா படம் போகலன்னா அடுத்த லோரி வராது. தலைவியம்மாகிட்ட சொல்லிக்க வேணாம், அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிருவோம்."

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வேலைக்குப் போன இடமெல்லாம் என்னைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். படமெடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்கிற வாழ்க்கைதான் என்னுடையது. தலைவியம்மா தொலைபேசியில் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். முருங்கை மரத்து வீடு வந்தபோது, "கூப்புடாத. மாட்டிட்டு சத்தமில்லாம வந்துரு" என்றார். சரிம்மா என்றேன். போய், கேட்டைத் தட்டி, "கிராணி ஐயா" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். முகம் ஒன்றும் மாறவில்லை.

"படம் எதுக்கு தம்பி?"

"சபைக்குத்தாங்கய்யா. கணக்குக் காட்டணுமாம்."

"ஆமா, கணக்கு வேணும்தான்" என்றார், ஆபீசில் இருந்த மனிதர் அல்லவா. கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார். பொட்டலத்தை இரண்டு கையிலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். "பல்லு தெரியலாமா?" என்று கேட்டார். முகக்கவசத்தை இறக்கச் சொன்னது நான்தான். எடுத்தேன். பாஸ்டருக்கு அனுப்பினேன், பாஸ்டர் நகரத்துக்கு அனுப்பினார். நகரத்துச் சபை தன் முகநூல் பக்கத்தில் மொத்தப் படங்களையும் போட்டது. பசியில் வாடும் நம் உறவுகள் என்று மேலே ஒரு வரி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. படத்தைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். கொடுக்கவும் செய்தார்கள். இரண்டாவது லோரி வந்தது.

அடுத்த வாரம் முருங்கை மரத்து வீட்டுக்குப் போனபோது படம் எடுத்த சில நாளில் நான் கூப்பிடாமல் மாட்டிவிட்டு வந்த இன்னொரு பொட்டலம் கேட்டில் அப்படியே தொங்கியது. வெளியே எங்காவது போயிருப்பார் என்று நினைத்தேன். எங்கே போவார், ஊரே மூடிக் கிடக்கிறது. அது எனக்குத் தோன்றவில்லை. அதன் பக்கத்திலேயே புதியதையும் மாட்டினேன். கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். கூப்பிடாதே என்று தலைவியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கூப்பிடக் கூடாதபோது கூப்பிட்டவன், கூப்பிட்டிருக்க வேண்டியபோது கட்டுப்பாட்டை மதித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பத்து நாள் முடிந்து தலைவியம்மா வெளியே வந்த முதல் காலை நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கேட்டில் இரண்டு பொட்டலம் தொங்குவதையும் அவற்றின் மேல் எறும்பு ஏறுவதையும் பார்த்ததும் எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கினார். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வயதில் கேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். கிராணி ஐயா நடுக்கூடத்தில் பாய் மேல் கிடந்தார். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தொடக் கூடாது என்று, நான் கூப்பிட்டதும் ஓடி வந்த பாஸ்டர் வாசலிலிருந்து கத்தியதைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

பிறகுதான் நடந்தது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மகளோடு தங்கியிருந்த ஒரு பெண் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். மகள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். "நான் வாங்கலம்மா, சபை சார்பா குடுக்கிறேன். குடுக்கிறப்ப எடுத்தாங்க" என்று சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. சட்டைக் கழுத்து அவருக்குத் தொளதொளவென்று நின்றதைப் படத்தில் பார்த்துவிட்டாள். திரும்பிப் போக முடியாது என்று தெரிந்தே, வேலையை விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி வந்தாள். வந்தவளைச் சட்டப்படி பதினாலு நாள் ஒரு ஓட்டலில் அடைத்தார்கள். இங்கே கடைக்குப் போன கிராணி ஐயாவிடம் யாரோ, "ஐயா ஃபேமஸ் ஆயிட்டீங்களே, ஃபேஸ்புக்ல வந்துட்டீங்க" என்று சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் கேட்டைத் திறக்கவில்லை. காய்ச்சல் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு ஐந்து பேருக்கு மேல் அனுமதி இல்லை. வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிய ஆட்கள் பெட்டியை இறக்கினார்கள். நாங்கள் தள்ளி நின்றோம். பாஸ்டர் ஜெபத்தைச் சத்தமாக, அவசரமாகச் சொன்னார். தலைவியம்மாவின் கைப்பேசி பட்டன் அழுத்துகிற பழையது. அதனால் என்னுடையதைத்தான் குழியைப் பார்க்கத் தூக்கிப் பிடித்திருந்தேன். மகள் ஓட்டல் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "அண்ணே, கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்றாள். கிட்ட விட மாட்டார்கள் என்றேன். "மண்ணு போட்டாச்சா? என் பேருக்கு யாராச்சும் ஒரு பிடி போடுங்க." தலைவியம்மா அதைக் கேட்டுவிட்டு வெள்ளை உடுப்புக்காரரிடம் போனார். மலாயில் ஏதோ சொன்னார். அவர் முதலில் முடியாது என்று தலையை ஆட்டினார், பிறகு ஒதுங்கி நின்றார். குழியின் விளிம்பில் குனிந்து ஒரு பிடி மண்ணைப் போட்டார் தலைவியம்மா. போட்ட பிறகும் கை மூடியபடியே இருந்தது, கொஞ்ச நேரம்.

சபையைத் திறக்க அனுமதி கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அப்பாவின் வீட்டில்தான் தங்கியிருந்தாள். சிங்கப்பூரில் விட்டுவந்த வேலை போனது போனதுதான். ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். நான் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் படத்த யாரு எடுத்தது?"

பாஸ்டர் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் தலைவியம்மா பேசிவிட்டார்.

"நான்தான் எடுத்தேன்."

பட்டன் கைப்பேசி வைத்திருப்பவர் எப்படிப் படம் எடுத்தார் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் பேசாமல் இருந்தார்கள். மகள் அவரையே பார்த்தாள். "எங்கம்மா இந்த சபைக்கு டின்னு டின்னா அரிசி கொட்டுனாங்க. கதவச் சாத்திகிட்டு கொட்டுனாங்க. எங்கப்பா வாங்குறப்ப மட்டும் ஊருக்கே காட்டணுமா? உங்களையெல்லாம் நான்…" என்று நிறுத்தினாள். "நீங்க எங்கப்பா மொகத்த இனிமே நெனச்சுக்கூடப் பாக்காதீங்க." போய்விட்டாள். பெண்கள் சிலர் தலைவியம்மாவைப் பார்க்காமல் தங்கள் டின்களை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நாற்காலிகளை அடுக்கி முடித்தேன். ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை.

சமையலறையில் தலைவியம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏம்மா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"பின்ன? அந்தப் புள்ளைக்குத் திட்ட ஆளு வேணும்டா. அவளுக்கு வேற என்ன மிச்சமிருக்கு? திட்டுன ஆளு நாளைக்கும் கண்ணு முன்னாடி நடமாடணும். அப்பதான் ஒருநாள் அது ஆறும்." கோப்பையைக் கவிழ்த்தார். "பாஸ்டர் சின்னப்புள்ள, அவர வேற சபைக்கு மாத்திருவாங்க. நீ எப்படியும் போற ஆளு."

குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். நான் ஒரு துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்தேன். மறுநாள் விடியும்போது ஞாயிறு பள்ளி அறையைக் கூட்டிவிட்டு, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வெயில் ஏறியதும் கை காட்டாமலேயே ஒரு காய்கறி லோரி நின்றது. கூலாய் வரை அதில் வந்து, அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி, மாலை உலு திராமில் இறங்கினேன். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அடக்கத்தன்று வந்த அந்த எண் கைப்பேசியில் இருப்பதைப் பார்த்தேன். கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். படம் எடுத்தது நான், தலைவியம்மாவுக்கு அது தெரியவே தெரியாது, உங்கள் அப்பாவைக் கூப்பிடாதே என்றுதான் அவர் சொல்லியிருந்தார் என்றேன்.

"அவங்க சொல்லிக் குடுத்துப் பேசுறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"சபையில அவங்களுக்கு வேண்டியவங்க நெறைய பேரு. நாளைக்கு இன்னொருத்தரு கூப்புட்டு நான்தான் எடுத்தேன்னு சொல்லுவாரு. நான் யாரண்ணே நம்புறது?" அவளே தொடர்ந்தாள். "நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க. அவங்க நிக்கறப்ப, எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் அங்கயே அவங்க கையப் புடிச்சுக்கறேன். நான் சொன்ன வார்த்தைய நான் திரும்ப வாங்கிக்கறேன். நீங்க வராம என்னால முடியாது."

"வர்றேன்" என்றேன்.

"வருவீங்களா?"

"வர்றேன்மா."

பல வருஷம் கழித்து ரெங்கத்துக்காரர் ஒருவரைக் கூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். அந்த அடுத்த ஞாயிறு கிராணி மகள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை அவர் சொன்னார். எல்லாரும் போன பிறகும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். சமையலறையில் தலைவியம்மா இருந்தாராம். இருவரும் பேசிக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. பாலம் திறந்ததும் அவள் சிங்கப்பூர் போய்விட்டாள். தலைவியம்மா பொறுப்பை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். சர்க்கரையில் ஒரு கால் போயிற்று. பிறகு அவரும் போனார். இப்போது அரிசி வாங்குகிறவர்கள் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார்களாம். தலைவியம்மாவின் அடக்கத்துக்கு அந்தப் பெண் வந்தாளா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. உலு திராமிலிருந்து ரெங்கத்துக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். அவ்வளவு தூரத்தை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, எந்தக் காரணமும் இல்லாமல், வேறு வேறு திசையில் போய் வந்திருக்கிறேன்.

அவளிடம் வருகிறேன் என்று சொன்ன மறுநாள் காலை, உலு திராம் கடைத்தெருவுக்குப் பின்னால் மீ என்கிற நூடுல்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆள் வேண்டும் என்று அட்டை தொங்கியது. உள்ளே போனேன். மஞ்சள் மீயை வெந்நீரில் போட்டு எடுத்து, எண்ணெய் தடவி, கூடையில் ஆற வைக்கும் வேலை. சூப்பர்வைசர் ஒரு தமிழர், என் வயதுதான். ஊசி இரண்டும் போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று என்று கைப்பேசியில் காட்டினேன். சூடு தாங்குவீர்களா என்றார். தாங்குவேன் என்றேன்.

"இன்னொன்னு, இப்பவே சொல்லிடுறேன்லா, அப்புறம் பிரச்சனை பண்ணக் கூடாது. கடைக்காரனுங்க ஞாயித்துக்கிழமதான் ஜாஸ்தி எடுப்பானுங்க. அதனால இங்க ஞாயிறு லீவு கெடையாது. திங்கக்கிழமதான். உங்களுக்கு ஓகேவா?"

உள்ளே நீராவியில் இரண்டு பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓகே" என்றேன்.

ஒரு ஏப்ரனும் ஒரு சோடி ரப்பர் பூட்ஸும் கொடுத்தார். பூட்ஸ் ஒரு அளவு பெரியது. மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.